பேப்பரைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோகுது, அக்கா!

கேள்வி: அக்கா, எனக்கு இந்த வருஷம் உயர்தரப் பரீட்சை, உயிரியல் பிரிவு. எங்கள் தோட்ட லயத்தில் இவ்வளவு தூரம் படித்தது நான் மட்டும்தான். கொழுந்து எடுத்துவிட்டு வரும் அம்மா “எப்படிப் படிக்கிறாய்?” என்று கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது. தவணைப் பரீட்சையில் பேப்பரைத் திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. கொழும்பில் கிளாஸ் போகிற பிள்ளைகளோடு நான் எப்படிப் போட்டி போடுவது?
- ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் பிரிவுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம்தான் அகில இலங்கைத் திறமைப்படி, 55 வீதம் மாவட்டப்படி, மிச்சம் 5 வீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கு, அதில் உங்கள் நுவரெலியாவும் இருக்கிறது. உங்கள் போட்டி பெரும்பாலும் உங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளோடுதான், கொழும்புப் பிள்ளையை விட்டுவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் சொல்வது மறதியே இல்லை. மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் பாதி விடை ஞாபகம் வந்திருக்குமே? பதற்றத்தில் படித்தது வெளியே வர மறுக்கிறது, அவ்வளவுதான். எனக்கும் முதல் தடவை பௌதிகவியலில் ஒரே கணக்கோடு 25 நிமிஷம் மல்லுக்கட்டி, நிமிர்ந்து மணிக்கூட்டைப் பார்த்ததும் கை வியர்த்துப் பேனா வழுக்கியது, இரண்டாவது தடவைதான் தேறினேன்.

நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், அது சுத்த ஏமாற்று. கொப்பியை மூடிவைத்துவிட்டு எழுதிப் பாருங்கள். கிழமைக்கு ஒரு நாளாவது கடந்தகால வினாத்தாள் ஒன்றை மணிக்கூட்டை முன்னால் வைத்துச் செய்யுங்கள், எம்சிகியூ (பல்தேர்வு) 50 கேள்விக்கு 2 மணித்தியாலம், அதாவது ஒன்றுக்கு இரண்டரை நிமிஷம்கூட இல்லை, தெரியாததைத் தாண்டிப் போகிற பழக்கம் அப்படித்தான் வரும். பதறினால் பேனாவைக் கீழே வைத்து, மூச்சை மெதுவாக நாலைந்து தடவை விட்டுவிட்டு, தெரிந்த கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

லயத்தில் பக்கத்து வீட்டு டீவி ஓயாது என்று எனக்கும் தெரியும். சீக்கிரம் படுத்து, அம்மா பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க, போக எழும்பும் நேரத்தில் நீங்களும் எழும்புங்கள், விடிய விடிய முழித்தால் படித்ததும் தங்காது. அந்த நேரத்துப் பிளேன்டீயோடு அம்மாவிடமே சொல்லிவிடுங்கள், “நீங்கள் கேட்டால் பயமாக இருக்கிறது” என்று. தூக்கமே வராமல், சாப்பாடும் இறங்காமல் நாட்கணக்கில் போனால் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், தமிழிலும் பேசலாம்.

அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் முதல் நாளே பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள். உங்கள் ஊர் மழையை நம்ப முடியாது.