விசா முடிந்தும் தங்கினால் நாட்டுக்கே தடையா?

கேள்வி: 2025 ஜூனில் 12 நாட்டவர்கள் நுழைய அமெரிக்கா தடை விதித்தபோது, விசாவில் வந்தவர்கள் காலம் முடிந்தும் திரும்பாததை ஒரு காரணமாகச் சொன்னது. சிலர் செய்த தவறுக்கு ஒரு நாட்டையே தடுப்பது சரியா? அந்தக் காலம் எந்த நாளில் முடிகிறது?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், பலர் இடறி விழுவது அங்கேதான். கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் தேதி, வாசலில் வந்து நின்று அனுமதி கேட்பதற்கான கடைசி நாளை மட்டுமே குறிக்கும். எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி முடிவுசெய்து, ஐ-94 என்னும் பதிவில் குறிப்பார். பத்தாண்டு விசா வைத்திருக்கும் சுற்றுலாப் பயணிக்கும் வழக்கமாகக் கிடைப்பது ஆறு மாதம்தான். அந்த நாளைத் தாண்டினால் விசா செல்லாது. 180 நாட்களுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கிவிட்டு வெளியேறியவர் மூன்றாண்டுகளும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவர் பத்தாண்டுகளும் திரும்ப நுழைய முடியாது என்கிறது 1996-ஆம் ஆண்டுச் சட்டம்.

ஆக, தவறு செய்தவருக்குத் தண்டனை ஏற்கெனவே இருக்கிறது. நாட்டையே தடுப்பதற்கு அரசு காட்டுவது விழுக்காட்டுக் கணக்கு. 2023 நிதியாண்டு அறிக்கையின்படி, அந்த 12-இல் ஒன்றான சாட் நாட்டிலிருந்து வணிகம், சுற்றுலா விசாவில் சென்றோரில் 49.54 விழுக்காட்டினர் காலம் கடந்து தங்கினர். எல்லா நாட்டவரையும், எல்லா வகைப் பயணிகளையும் சேர்த்தால் அது 1.45 விழுக்காடுதான். ஆனால் சாட்டிலிருந்து செல்வோரே மிகச் சொற்பம். பல லட்சம் பேரை அனுப்பும் நாடுகளில் விழுக்காடு குறைவாகவும் தலைக்கணக்கு பல மடங்காகவும் இருக்கும். தடைக்குச் சில நாட்கள் முன்பு கொலராடோவில் நடந்த தாக்குதலில் கைதானவர், விசா முடிந்தும் தங்கியிருந்த எகிப்தியர். எகிப்தின் பெயரோ அந்த 12-இல் இல்லை!

இத்தகைய தடைக்கு 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் அதிபருக்கு அதிகாரம் தருகிறது; முந்தைய தடை ஒன்றை உச்ச நீதிமன்றம் 2018-இல் 5-க்கு 4 என ஏற்றது. சட்டப்படி செல்லும் என்பதற்காக அது நியாயமாகிவிடாது. 2025 ஆகஸ்டில் மலாவி, ஜாம்பியா நாட்டவர்களிடமிருந்து தொடங்கிய பிணைத்தொகைத் திட்டம், பொறுப்பைத் தனிமனிதர் மீது வைப்பதால் எனக்குச் சற்றே மேலானதாகத் தோன்றுகிறது. உரிய நாளில் திரும்பினால் பணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் 5,000 முதல் 15,000 டாலர் வரை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பதால், நேர்மையான ஏழைக்கு அதுவும் தடைதான்.