இருட்டுக்கு ஒரு நுழைவுச்சீட்டு

(வாசகர் கேள்வி–பதில். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஏழு ஒரே பொருளைப் பற்றியவையாக இருந்தமையால், மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். காத்திருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

கே: ஏற்காட்டில் காபித் தோட்டக் காலத்துப் பங்களா ஒன்றையும் அதைச் சூழ்ந்த பழைய சோலையையும் தன்னார்வலர்களாகிய நாங்கள் பராமரித்து வருகிறோம். உண்ணிச்செடி வெட்டும் கூலிக்கே பணம் போதவில்லை. அமெரிக்காவில் இத்தகைய இடங்களில், அக்டோபர் 31-இல் பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் மாலையை நடத்தி நிதி திரட்டுவதாகவும், நாமும் அப்படிச் செய்யலாம் என்றும் எங்கள் இளைஞர்கள் சொல்கிறார்கள். பேய்க் கொண்டாட்டம் நமக்கு எதற்கு என்று பெரியவர்கள் மறுக்கிறார்கள். தங்கள் கருத்து என்ன? – தன்னார்வலர் ஒருவர், ஏற்காடு.

ப: தாராளமாக நடத்துங்கள், பேயை மட்டும் அழைக்காதீர்கள்.

தனியார் நிலத்தைப் பொதுநன்மைக்காக ஓர் அறக்கட்டளை ஏற்றுக் காக்கும் வழக்கம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1891-இல் தொடங்கியது. அந்த வழியில் வந்த சிறிய காப்பிடங்கள் பலவற்றுக்கு உறுப்பினர் சந்தாவும் இத்தகைய மாலை நிகழ்ச்சிகளுமே வருவாய். அக்டோபர் இறுதியில் அங்கு இலைகள் நிறம் மாறி உதிரும், பொழுது சீக்கிரம் சாயும், அடுத்துப் பனிக்காலம் வந்து நடமாட்டம் குறைந்துவிடும். ஆகவே ஆண்டின் கடைசி வரும்படிக்கு அதுதான் தோதான நாள். பாதையோரம் விளக்கு வைத்து, தன்னார்வலர்களே ஆந்தையாகவும் நரியாகவும் வேடமிட்டு நின்று, வருகிறவர்களிடம் தங்கள் கதையைத் தாங்களே சொல்வதுண்டு. செலவு துணிக்கும் விளக்குக்கும்தான், உழைப்புக்குக் கூலி இல்லை என்பதால், சீட்டு விற்ற பணத்தில் பெரும்பகுதி நிலத்துக்கே போய்ச் சேர்கிறது.

அந்த நாளை அப்படியே இங்கே கொண்டுவந்து நட முடியாது. அக்டோபர் 31 நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். ஏற்காட்டில் மாலை ஐந்து மணிக்கே மூடுபனி இறங்கிவிடக்கூடும், சோலைப் பாதை வழுக்கும், காட்டெருமை தோட்டத்துக்குள் வந்து நிற்கும். ஆனால் சேலத்தின் தெருவிளக்குகளுக்குக் கீழேயே வளர்ந்த ஒரு பிள்ளைக்கு உண்மையான இருட்டு என்றால் என்னவென்று தெரியாது. உங்களிடம் விற்பதற்கு இருக்கும் சரக்கு அதுதான். பதினைந்து பேருக்கு மிகாமல் ஒரு குழு, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், கைவிளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள், சோலையின் நடுவில் ஐந்து நிமிடம் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு நிற்பது: இவ்வளவு போதும். மழை விட்ட இரவாக இருந்தால் தவளைகள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். சேலத்துக்குத் திரும்புகிறவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளைப் பனிமூட்டத்தில் இறங்க வேண்டியிருப்பதால் ஏழரை மணிக்குள் முடித்துவிடுங்கள். வனத்துறைக்கும் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். காட்டெருமை வழியில் நின்றால், சீட்டு எத்தனை விற்றிருந்தாலும், அன்றைய நடையைக் கைவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

கே: நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று எங்கள் முன்னோரின் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுத்திரி ஏற்றுகிறோம். அதற்கு இரண்டு நாள் முன்பு அதே ஊரில் எலும்புக்கூடு வேடம் போடுவது மனத்துக்கு ஒப்பவில்லை. – வாசகி, நாகலூர்.

ப: உங்கள் வருத்தம் நியாயமானது, ஆனால் இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதையும் சொல்ல வேண்டும். நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழா. அதற்கு முந்தைய மாலை என்பதே ஹாலோவீன் என்ற சொல்லின் பொருள். அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதிகளின் கெல்ட்டிய மக்கள் அதே காலத்தில் அறுவடை முடிவையும் குளிர்காலத் தொடக்கத்தையும் ‘சாம்ஹைன்’ என்று எழுதி ‘சாவின்’ என்று உச்சரிக்கும் ஒரு நாளாகக் கொண்டாடினார்கள். பின்னாளில் இங்கிலாந்தில் ஏழைகள் வீடுவீடாகச் சென்று, அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக மன்றாடுவதாகச் சொல்லிச் சிறு அப்பங்களைப் பெற்றுக்கொள்ளும் வழக்கம் இருந்தது. இன்றைய பிள்ளைகள் மிட்டாய் கேட்பதற்கு அதுவும் ஒரு முன்னோடி. 1950-இல் பிலடெல்பியாப் பகுதிச் சிறுவர்கள் அதே நாளில் பால் அட்டைப்பெட்டிகளை ஏந்திச் சென்று யுனிசெஃபுக்குக் காசு திரட்டத் தொடங்கினார்கள். ஆகவே நிதி திரட்டுவது இந்த நாளுக்குப் புதிதன்று.

எனினும் ஏற்காட்டு அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தெர்மாகோல் கல்லறைகளை நட்டு வைக்காதீர்கள். நிகழ்ச்சியையும் ஒரு வாரம் முன்னதாக, ஒரு சனிக்கிழமையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: இணையத்தில் ‘சேலம் ஹாலோவீன்’ என்று தேடினால் நம் ஊரில் ஏதோ பெரிய விழா நடப்பது போல ஆயிரக்கணக்கில் படங்கள் வருகின்றனவே? – மாணவர், அஸ்தம்பட்டி.

ப: அது மாசசூசெட்ஸில் உள்ள சேலம். 1692-இல் சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டி அங்கு 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். இன்று அந்தப் பழியை வைத்தே ஊர் முழுதும் அக்டோபர் மாதச் சுற்றுலா நடக்கிறது. நம் சேலத்துக்கு மாம்பழமும் வெள்ளிக் கொலுசும் போதும்.

கே: அமெரிக்கப் பேய்க்குப் பதிலாக நம்முடைய முனி, காட்டேரி வேடங்களைப் போட்டால் மண்ணின் மணம் இருக்குமல்லவா? – வாசகர், அம்மாப்பேட்டை.

ப: இந்த யோசனையைத்தான் நான் கடுமையாக மறுப்பேன். உருட்டிய விழியும் முறுக்கிய மீசையும் ஓங்கிய அரிவாளுமாக அமர்ந்திருக்கும் முனியப்பன் சேலத்துக்காரர்களுக்குப் பேயல்ல, காவல் தெய்வம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடிப்போய் நிற்கும் இடம். காட்டேரியைக் குலதெய்வமாக வழிபடும் குடும்பங்களும் உண்டு. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள், மே மாதத்தில் சேர்வராயன் குகைக் கோயிலில் திருவிழா எடுப்பவர்கள், உங்கள் சோலைக்கு அக்கம்பக்கத்தார்; அவர்களுடைய சாமியைச் சீட்டு விற்றுப் பயமுறுத்தும் பொம்மையாக்கினால், அடுத்த முறை வேலி உடையும்போது உதவிக்கு யாரை அழைப்பீர்கள்?

வேடம் கட்டுவது நமக்குப் புதிது என்றும் யாரும் நினைக்க வேண்டாம். ஆடி மாதம் சேலம் குகைப் பகுதி மாரியம்மன் திருவிழாவின் வண்டி வேடிக்கையில், அலங்கரித்த வண்டிகளின் மேல் தெய்வ வேடத்தில் அசையாமல் அமர்ந்து வருகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்த வேடத்தில் பக்தி இருக்கிறது, கேலி இல்லை. உங்கள் மாலைக்கு விலங்கு வேடமே பொருத்தம்.

கே: ஆந்தை, வௌவால் பொம்மைகளைத் தொங்கவிட்டு, செயற்கைச் சிலந்திவலை கட்டி அலங்கரிப்பதாகச் சொல்கிறார்கள். தவறில்லையே? – ஆசிரியை, ஏற்காடு.

ப: தவறு இரண்டு வகையில். பஞ்சுபோல் பிரித்துக் கட்டும் அந்தச் செயற்கை வலை உண்மையிலேயே வலைதான். வெளியில் மரக்கிளைகளில் கட்டினால் சிறு பறவைகளும் வௌவால்களும் அதில் காலும் சிறகும் சிக்கிக்கொள்கின்றன என்று அமெரிக்க வனவிலங்கு ஆர்வலர்களே எச்சரிக்கிறார்கள். இயற்கையைக் காக்கப் பணம் திரட்டும் மாலையில் ஒரு தேன்சிட்டு சிக்கிக் கிடந்தால் எப்படி இருக்கும்? மின்மினுக்கும் சரவிளக்கும் ஒலிபெருக்கியும் வேண்டாம். பங்களாவின் திண்ணையில் பத்து அகல்விளக்கு ஏற்றினால் போதும்.

இரண்டாவது, பயம். கூகை என்னும் ஆந்தை கத்தினால் சாவு விழும் என்று சொல்லிக் கல்லெறியும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தீபாவளியை ஒட்டி மாந்திரீகத்துக்காக ஆந்தைகளைப் பிடித்து விற்கும் கொடுமை, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை மீறி, நாட்டின் பல பகுதிகளில் நடக்கிறது. அந்த அச்சத்துக்கு நீங்களும் எண்ணெய் வார்க்கக் கூடாது. நற்றிணையின் 83-ஆம் பாடலில், தலைவன் வரும் இரவில் குழறி ஊரை எழுப்பிவிடாதே என்று கூகையிடம் கெஞ்சும் தோழி, நெய்ச்சோறும் சுட்ட எலியும் தருவதாக ஆசை காட்டுகிறாள். கதவைத் தட்டி ‘மிட்டாய் தராவிட்டால் குறும்பு செய்வோம்’ என்னும் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு முன்னதாக நம் கூகைக்குப் பேசப்பட்ட கையூட்டு அது! கூகை வேடம் போடுகிறவர் இந்தக் கதையைச் சொல்லட்டும். ஓர் இரவில் தான் பிடிக்கும் எலிகளைப் பற்றியும் சொல்லட்டும். வௌவால் வேடக்காரர், மலையடிவாரத்து இலுப்பைப் பூவுக்குப் பழந்தின்னி வௌவால் மகரந்தம் சுமப்பதைச் சொல்லட்டும். சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடியே வெடிக்காத கொள்ளுகுடிப்பட்டிக்காரர்களை விடப் பெரிய ஆசான்கள் இதற்குத் தேவையில்லை.

கே: சீட்டுப் பணத்தை நன்கொடை என்று ரசீது எழுதலாமா? அமெரிக்காவில் இருக்கும் உறவினர்களும் பணம் அனுப்ப விரும்புகிறார்கள். – கணக்குப் பார்ப்பவர், ஏற்காடு.

ப: கூடாது. நிகழ்ச்சியைப் பார்ப்பதற்குக் கொடுத்தது கட்டணம். எதையும் எதிர்பாராமல் கொடுத்ததே நன்கொடை. இரண்டுக்கும் தனித்தனி ரசீதுப் புத்தகம் வையுங்கள். 80ஜி என்று நாம் பழகிய வரிச்சலுகை, உங்கள் அமைப்பு அதற்குரிய அனுமதி பெற்றிருந்தால் மட்டுமே கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடைக்காது. உறவினர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவர் என்றால், அயல்நாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாமல் அவரிடம் ஒரு டாலரும் வாங்காதீர்கள்.

கே: அரசாணிக்காயில் (பரங்கிக்காயில்) முகம் செதுக்கி விளக்கு வைப்பது உணவை வீணாக்குவதல்லவா? – இல்லத்தரசி, சூரமங்கலம்.

ப: ஆயுத பூசைக்கு மறுநாள் நம் தெருக்களில் குங்குமம் பூசி உடைந்து கிடக்கும் பூசணிக்காய்களில் எத்தனையோ வண்டிகள் சறுக்கியதைப் பார்த்துவிட்டு, அமெரிக்கரைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. அயர்லாந்தில் முதலில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறிய பின்பு, பெரிதாகவும் குடைய எளிதாகவும் இருந்த பரங்கிக்காய்க்கு மாறினார்கள். தீயதை விரட்ட வைத்த கோரமுகம் அது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் நாம் தொங்கவிடும் திருஷ்டி பொம்மைக்கு ஒன்றுவிட்ட சகோதரன். குடைந்தெடுத்த சதையை அன்றே பொரியலாக்கி வருகிறவர்களுக்குச் சோற்றோடு பரிமாறுங்கள், விதையைக் காயவையுங்கள், மறுநாள் எஞ்சிய காய் ஓட்டினை நறுக்கி எருக்குழியில் போடுங்கள். காட்டுக்குள் வீசினால் குரங்கும் காட்டெருமையும் ருசி கண்டு பங்களாவையே சுற்றி வரும். வாங்கும்போது தோல் முற்றிய காயாகப் பார்த்துக் காம்போடு வாங்குங்கள். பிஞ்சுக் காய் என்றால் இரண்டாம் நாளே நீர்விட்டு, பயமுறுத்த வேண்டிய முகம் அழுமூஞ்சியாகத் தொங்கிவிடும்.