டிராக்டருக்குப் பின்னால் மெஷினைக் கட்டி ரோட்டில் ஓட்டுவோர் கேட்டவை

அறுவடை தொடங்கிவிட்டால் கதிரடிக்கும் மெஷினும் வைக்கோல் கட்டும் மெஷினும் ஊர் ஊராக நகரும். அவற்றை இழுத்துச் செல்வோரிடமிருந்து வந்த கேள்விகளில் சில:

கேள்வி: என் 45 எச்.பி. டிராக்டர் கதிரடிக்கும் மெஷினை மேட்டில் சுலபமாக இழுக்கிறது. இறக்கத்தில்தான் பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போல இருக்கிறது. பிரேக்கில் கோளாறா?

பிரேக் சரியாக இருந்தாலும் அப்படித்தான் இருக்கும். நம் ஊர் கதிரடிக்கும் மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் கிடையாது. டிராக்டரிலும் பொதுவாகப் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான் பிரேக். ஆக, இரண்டின் எடையையும் அந்த இரண்டு சக்கரமே நிறுத்தியாக வேண்டும். வேகம் 20 கிலோமீட்டரிலிருந்து 30 ஆனால், நிறுத்த வேண்டிய இயக்க ஆற்றல் இரண்டு மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. அந்த நேரத்தில் அழுத்திப் பிரேக் போட்டால் மெஷின் டிராக்டரின் பின்பக்கத்தை ஓரமாகத் தள்ளி வண்டியையே குறுக்கே மடக்கிவிடும்.

இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். அதே மேட்டை ஏற எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குங்கள். நடுவில் கிளட்சை மிதிக்காதீர்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதைப் போல ஆபத்தான பழக்கம் வேறில்லை. இன்ஜின் பிடித்து வைத்திருந்த பாரத்தையெல்லாம் அவிழ்த்துவிடுகிறீர்கள். பிரேக் இல்லாத கருவியின் எடை டிராக்டரைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடாது, வேகம் 32 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று டிராக்டர் கையேடுகள் சொல்வதுண்டு. 2 டன் டிராக்டர் என்றால் 3 டன் மெஷின்தான் எல்லை. ஆடு மாடு குறுக்கே வரும் கிராமத்து ரோட்டில் அந்த வேகமும் அதிகம் என்பேன். மெஷின் அந்த எடை எல்லையைவிடக் கனம் என்றால் லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.

கேள்வி: அவசரமாகப் பிரேக் போட்டபோது டிராக்டர் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. ஏன்?

முதலில் பிரேக் மிதிகளைக் குனிந்து பாருங்கள். வயலில் சட்டென்று திருப்புவதற்காக இடம், வலம் எனத் தனித்தனி மிதி வைத்திருக்கிறார்கள். ரோட்டில் ஏறும் முன் இரண்டையும் சேர்க்கும் கொண்டியைப் போட வேண்டும். கொண்டி போட்டும் இழுத்தால் இரண்டு பக்கமும் பிரேக் சமமாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். மெக்கானிக்கிடம் காட்டிய பிறகு மெஷினைக் கட்டுங்கள்.

கேள்வி: பாலம் ஏறும்போது முன்சக்கரம் தூக்குகிறது. பானெட் மேல் இரண்டு ஆட்களை உட்கார வைக்கலாமா?

கூடவே கூடாது. விழுந்தால் அவர்கள் நேராக உங்கள் சக்கரத்துக்கு அடியில்தான் போவார்கள். மெஷினை எங்கே கட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். கீழே உள்ள கொக்கியை விட்டுவிட்டு டாப் லிங்க் (டிராக்டரின் பின்னால் கருவியை மாட்டும் மேல் தண்டு) உயரத்தில் மாட்டியிருந்தால், இழுவை டிராக்டரைப் பின்பக்கமாகப் புரட்டப் பார்க்கும். புரளத் தொடங்கினால் ஒன்றரை விநாடியில் எல்லாம் முடிந்துவிடும், குதிக்கவும் நேரமிருக்காது. மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் மாதிரித் தூக்கிச் செல்லும் கருவி என்றால் முன்னால் இரும்பு எடைகளை மாட்டுங்கள். டிராக்டர் எடையில் குறைந்தது 20 சதவீதமாவது முன்சக்கரங்களில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

கேள்வி: கொக்கியில் மெஷினை மாட்டும் பின் (இரும்பு முளை) தொலைந்துவிட்டது. கட்டிடக் கம்பியை வெட்டிச் செருகி ஓட்டலாமா?

வேண்டாம். அளவான பின், அது மேலெழும்பாமல் இருக்கக் கிளிப், அப்புறம் ஒரு பாதுகாப்புச் சங்கிலி. இந்த மூன்றும் இல்லாமல் ரோட்டில் ஏறாதீர்கள்.

கேள்வி: இரவில் போக வேண்டியிருக்கிறது. ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டினால் போதுமா?

போதாது. அகலமான மெஷின் டிராக்டரின் பின்விளக்கை மறைத்துவிடும். வயர் இழுத்து மெஷினின் கடைசியில் சிவப்பு விளக்கு போடுங்கள். ஸ்டிக்கரை நடுவில் ஒட்டாமல் இரண்டு ஓரங்களின் நுனியிலும் ஒட்டுங்கள். அப்போதுதான் பின்னால் வருபவருக்கு அகலம் தெரியும். வயல் சேறு அதன் மேல் படிந்திருக்கும். கிளம்பும்போது துணியால் துடைத்துவிடுங்கள். பின்பக்கம் பார்த்த வயல் வேலை விளக்கை அணைத்துவிட வேண்டும். அந்த வெள்ளை வெளிச்சம் பின்னால் வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். எதிரே வண்டி வருகிறது என்றும் அவர் நினைத்துக்கொள்வார்.

வழியில் நின்றுவிட்டால் வண்டியைச் சுற்றிக் கல் வைக்காதீர்கள். வண்டி போன பிறகும் அந்தக் கற்கள் ரோட்டிலேயே கிடக்கும். அடுத்து பைக்கில் வருபவர் அவற்றில் மோதித்தான் விழுவார். மடக்கும் சிவப்பு எச்சரிக்கை முக்கோணம் ஒன்றை இருக்கைக்கு அடியில் வைத்திருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. வயலில் நன்றாக ஓட்டுகிறான். மெஷினை அடுத்த ஊருக்கு அவனே கொண்டுபோகலாமா?

கூடாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் ஓட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. வயலில் ஓட்டிய பழக்கம் ரோட்டில், அதுவும் பின்னால் பாரத்தோடு, உதவாது. 18 முடிந்து உரிமம் எடுக்கட்டும். முதலில் வெறும் டிராக்டர், அப்புறம் காலி டிரெய்லர் எனப் பழக்கிவிட்டு, மெஷினைக் கடைசியில் கொடுங்கள்.