முதல் டைம் டிரையலுக்கு எட்டு வாரம் இருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வணக்கம் அண்ணே. திருமங்கலத்தில் இருக்கிறேன், வயது 31. இரண்டு வருடமாக ரோடு பைக் ஓட்டுகிறேன். ஞாயிறுதோறும் நண்பர்களோடு 60 கி.மீ. போய் வருவேன். ஆவணியில் நடக்கும் 20 கி.மீ. டைம் டிரையல் (தனித்தனியாக ஓட்டி நேரம் பார்க்கும் போட்டி) ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். 10 கி.மீ. போய், அதே ரோட்டில் திரும்பி வர வேண்டும். தனியாக ஓட்டிப் பார்த்தால் முதல் 5 கி.மீ. 35 வேகத்தில் போகிறது. அப்புறம் கால் செத்துப்போய் 27-க்கு இறங்கிவிடுகிறது. மொத்தம் 42 நிமிடம் ஆகிறது. கையை முன்னால் நீட்டிக் குனிந்து ஓட்ட ஹேண்டில்பாரில் மாட்டுகிற ஏரோ பார் வாங்கினால் சரியாகுமா? எட்டு வாரத்தில் எப்படித் தயாராவது?

பதில்: தம்பி, ஏரோ பாருக்கு அப்புறம் வருகிறேன். முதலில் நீங்கள் எழுதிய கணக்கையே பாருங்கள். 35 வேகத்தில் 5 கி.மீ. என்றால் எட்டரை நிமிடம். மீதி 15 கி.மீ. 27-ல் போனதால் 33 நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. தொடக்கம் முதல் கடைசி வரை 30-லேயே ஓட்டினால் சரியாக 40 நிமிடம். 35-ஐத் தொடாமலே இரண்டு நிமிடம் மிச்சம்.

30-க்கும் 35-க்கும் உள்ள வித்தியாசம் கேட்பதற்கு ஐந்துதான். ஆனால் சமதள ரோட்டில் நாம் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் காற்றோடு. வேகம் இரண்டு மடங்கானால், காற்றைத் தள்ளத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். அந்தக் கணக்கில் 30-லிருந்து 35-க்குப் போக, காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தோடு போகும்போது இது தெரியாது, ஏனென்றால் முன்னால் போகிறவர் உங்களுக்கும் சேர்த்துக் காற்றை வாங்கிக்கொள்கிறார். டைம் டிரையலில் ஒவ்வொருவரையும் 30 நொடி அல்லது ஒரு நிமிட இடைவெளியில் தனித்தனியாக அனுப்புவார்கள். ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது.

உடம்புக்குள்ளும் ஒன்று நடக்கிறது. கிளம்பிய முதல் இரண்டு மூன்று நிமிடங்களில், தசை கேட்கிற அளவு ஆக்சிஜனை மூச்சும் ரத்த ஓட்டமும் இன்னும் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. அந்தப் பற்றாக்குறையை உடம்பு வேறு வழியில் சமாளிக்கிறது. கால் புதிதாக இருப்பதால் வலியும் தெரியாது. அதனால் எவ்வளவு வேகமும் சுலபமாகத் தோன்றும். ஐந்தாவது, ஆறாவது நிமிடத்தில்தான் பில் வரும். வந்துவிட்டால் ஓடிக்கொண்டே அதை அடைக்க முடியாது.

என் முதல் டைம் டிரையலில் எனக்கும் இதுதான் நடந்தது. எனக்கு ஒரு நிமிடம் முன்னால் கிளம்பியவரை மூன்றாவது கிலோமீட்டரிலேயே பிடித்துத் தாண்டினேன். திரும்பும் இடத்துக்கு முன்பே அவர் என்னைத் தாண்டிப் போனார். அவர் பெடல் மிதித்த தாளம் தொடக்கத்தில் எப்படி இருந்ததோ, அப்போதும் அப்படியே இருந்தது. அந்தக் காலசைவு இன்றும் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

ஆகவே, இந்த எட்டு வாரத்தில் நீங்கள் பழக வேண்டிய முதல் வேலை, ஆரம்பத்தில் அடக்கி ஓட்டுவது. முதல் 3 கி.மீ. முழுக்க 'இன்னும் வேகமாகப் போகலாமே' என்று மனம் நச்சரிக்க வேண்டும். நச்சரிக்கவில்லை என்றால் அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். அதன் பிறகு, மூன்று நான்கு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போலப் பேச முடியாத மூச்சில் நிலைத்துக்கொள்ளுங்கள். கடைசி 3 கி.மீ.யில் இருப்பதை எல்லாம் கொட்டிவிடலாம். மிதிக்கிற சக்தியை அளக்கும் பவர் மீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மூச்சே நல்ல மீட்டர்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆடியில் அம்மியே பறக்கும் என்பார்கள். உங்கள் பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதி அந்த மாதத்தில்தான் வருகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சும்மாவா நட்டிருக்கிறார்கள்? திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டி ரோட்டில் போனால் எதிர்காற்று, வரும்போது முதுகில் காற்று. எதிர்காற்றில் 25, திரும்பும்போது 35 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 30-தானே என்று தோன்றும். ஆனால் போக 24 நிமிடம், வர 17 நிமிடம், மொத்தம் 41 ஆகிவிடும். இப்போது போகும்போது 1 கி.மீ. வேகம் கூட்டி 26-ல் ஓட்டினால் 55 நொடி மிச்சம். அதே 1 கி.மீ. வேகத்தை வரும்போது கூட்டினால் அரை நிமிடம்கூடத் தேறாது. அதனால் எதிர்காற்றில் ஒரு சுற்று அழுத்தி மிதியுங்கள், பின்காற்றில் கொஞ்சம் மூச்சு வாங்குங்கள். ஸ்பீடோமீட்டரில் 24 காட்டுகிறதே என்று எதிர்காற்றில் பதறி, மிச்சம் மீதியைக் காலி செய்துவிடாதீர்கள்.

பயிற்சிக்கு வாரம் ஐந்து நாள் போதும். அதில் இரண்டு நாள் மட்டும் கடினமாக. செவ்வாய் அன்று, போட்டியில் ஓட்ட நினைக்கும் அதே மூச்சில் 10 நிமிடம், நடுவே 5 நிமிடம் மெதுவாக, இப்படி மூன்று தடவை. நான்காவது வாரத்திலிருந்து அதை 15 நிமிடம் வீதம் இரண்டு தடவையாக மாற்றுங்கள். வெள்ளி அன்று 4 நிமிடம் வேகம், 4 நிமிடம் ஓய்வு, ஐந்து தடவை. இரண்டு நாள் சும்மா கால் சுழற்றுகிற மாதிரி ஒரு மணி நேரம். ஞாயிறு கூட்டத்தோடு 60 கி.மீ. ஓட்டுங்கள், ஆனால் அங்கே போட்டி வேண்டாம். மெதுவாக ஓட்ட வேண்டிய நாளில் நிஜமாகவே மெதுவாக ஓட்டுவதுதான் நம் ஆட்களுக்கு வராத வித்தை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே ரோட்டில், அதே விடியற்காலை நேரத்தில் 20 கி.மீ. ஓட்டி நேரம் குறித்து வையுங்கள். கடைசி வாரம் தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். ஆனால் ஒன்றிரண்டு நிமிட வேகம் அவ்வப்போது இருக்கட்டும், இல்லாவிட்டால் கால் மந்தமாகிவிடும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளைப் போட்டி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான்குவழிச் சாலையில் இந்தப் பயிற்சி வேண்டாம். சர்வீஸ் ரோட்டிலிருந்து எதிர்த்திசையில் வரும் டூவீலருக்காகவே வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும், உயிருக்கும் ஆபத்து. பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் இருட்டில் கிளம்பாதீர்கள்.

இப்போது ஏரோ பார். பிரான்ஸில் பல நாள் நடக்கும் சைக்கிள் பந்தயம் டூர் டி பிரான்ஸ். 1989-ல் அதன் கடைசி நாள் 24.5 கி.மீ. டைம் டிரையல். கிரெக் லெமான்ட் 50 நொடி பின்தங்கி இருந்தார். ஏரோ பாரில் கையை நீட்டிக் குனிந்து ஓட்டினார். முதலிடத்தில் இருந்த லாரன் ஃபிக்னான் ஹெல்மெட் இல்லாமல், குடுமி பறக்க, ஏரோ பாரும் இல்லாமல் ஓட்டினார். அன்று ஒரே நாளில் 58 நொடி எடுத்து, மொத்தப் பந்தயத்தையும் லெமான்ட் 8 நொடியில் ஜெயித்தார். ஆக, ஏரோ பார் வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைப் பிடித்திருக்கும்போது கை பிரேக்கில் இருக்காது. ஆடும் நாயும் குறுக்கே வரும் ரோட்டில் பழகாதவருக்கு அது சரிப்படாது. உங்கள் பிரிவில் அதை அனுமதிக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். காற்றைத் தடுப்பதில் சைக்கிளைவிட ஓட்டுகிறவர் உடம்புக்குத்தான் பெரிய பங்கு. ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியைப் பிடித்து, முழங்கையை மடக்கி, தோளைக் காதுக்கு ஏற்றாமல் குனிந்து, பார்வையை மட்டும் ரோட்டில் வைத்து 20 நிமிடம் தாக்குப்பிடிக்கப் பழகுங்கள். முதல் வாரம் கழுத்து கடுக்கும், நான்காவது வாரம் பழகிவிடும். படபடக்கும் டீ-ஷர்ட்டை விட்டுவிட்டு உடம்போடு ஒட்டிய ஜெர்சி போடுங்கள். ஏரோ பார் காசில் அதுவும் நல்ல டயரும் வாங்கலாம்.

டயர் என்றதும், நம் பக்கத்தின் பெரிய எதிரி சீமைக்கருவேல முள். டியூபை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டினால் அரை கிலோமீட்டரில் மறுபடியும் காற்று இறங்கும், ஏனென்றால் முள் டயருக்குள்ளேயே இருக்கும். டயரின் உள்பக்கத்தை விரல் நுனியால் மெதுவாக, முழுச் சுற்றும் தடவுங்கள். சுருக்கென்று ஒரு இடத்தில் குத்தும். வெளியில் முள்ளின் தலை ஒடிந்துபோய்க் கண்ணுக்கே தெரியாது. குறடு இல்லாவிட்டால் உள்ளிருந்து நகத்தால் நெம்பி எடுக்க வேண்டும். போட்டிக்கு முந்தின நாள் மாலை இரண்டு டயரையும் இப்படித் தடவிப் பாருங்கள். 28 மி.மீ. டயருக்கு 120 பி.எஸ்.ஐ. காற்று அடிக்காதீர்கள். 70 கிலோ ஆளுக்கு 75, 80 போதும், நம் ரோட்டில் அதுதான் வேகமாகவும் உருளும்.

சாப்பாடு சின்ன விஷயம். கிளம்புவதற்கு இரண்டரை மணி நேரம் முன்னால் மூன்று நான்கு இட்லி, காரமில்லாத சட்னி. வடை வேண்டாம். ஒரு வாழைப்பழம், பழக்கமிருந்தால் காபி. 40 நிமிடப் போட்டிக்கு எனர்ஜி ஜெல் எதுவும் தேவையில்லை.

போட்டி அன்று 20 நிமிடம் வார்ம் அப் செய்யுங்கள், அதில் மூன்று முறை ஒரு நிமிட வேகம் இருக்கட்டும். மூச்சும் ரத்த ஓட்டமும் முன்கூட்டியே விழித்துக்கொண்டால் அந்த முதல் நிமிடப் பற்றாக்குறை குறையும். கிளம்பும் கோட்டுக்கு 5 நிமிடம் முன்பே போய் நில்லுங்கள். நீங்கள் தாமதித்தாலும் கடிகாரம் உங்கள் நேரத்துக்கு ஓடத் தொடங்கிவிடும். அதே 1989 டூரில், முந்தின ஆண்டு சாம்பியன் பெத்ரோ டெல்காடோ முதல் நாளே 2 நிமிடம் 40 நொடி தாமதமாக வந்து, அவ்வளவையும் இழந்தார். யாரையாவது தாண்டும்போது பக்கவாட்டில் 2 மீட்டர் இடைவெளி விடுங்கள். உங்களை யாராவது தாண்டினால், விட்டுவிடுங்கள்.

திரும்பும் இடத்தில் முன்கூட்டியே இலகுவான கியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கோட்டைத் தாண்டியதும் நிறுத்தாமல் பத்து நிமிடம் மெதுவாக உருட்டுங்கள். அப்புறம் உப்புப் போட்ட மோர் ஒரு செம்பு. வீட்டுக்கு வந்ததும் போன 10 கி.மீ.க்கு எவ்வளவு, வந்த 10 கி.மீ.க்கு எவ்வளவு, அன்று காற்று எந்தப் பக்கம் என்று தனித்தனியாக எழுதி எனக்கு அனுப்புங்கள்.