33 இன்னிங்ஸ் ஆடிய ராத்திரி

1981இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், பட்டக்கெட் ரெட் சாக்ஸும் ராச்செஸ்டர் ரெட் விங்ஸும் மோதிய பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள். பேஸ்பாலில் இரண்டு அணியும் ஒரு முறை பேட் செய்து முடித்தால் ஒரு இன்னிங்ஸ்.

கேள்வி: ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டியது 33 வரை எப்படி இழுத்தது? டை என்று விட்டுவிடக் கூடாதா?

பதில்: அமெரிக்க பேஸ்பாலில் அந்தப் பழக்கம் கிடையாது, ஒரு பக்கம் ஜெயிக்கிற வரை ஆட வேண்டும். அதற்காகத்தான் இந்த அணிகள் ஆடிய லீக்கில் (பெரிய லீக்குக்குக் கீழ்நிலை) ஒரு விதி இருந்தது: இரவு 12.50க்கு மேல் புது இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது. நடுவர்கள் கையில் இருந்த விதிப் புத்தகத்தில் அந்த வரி விடுபட்டுப் போயிருந்தது! புத்தகத்தில் இல்லை, அதனால் ஆடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் லீக் தலைவர் ஹெரால்டு கூப்பர் போனில் கிடைத்து நிறுத்தச் சொன்னபோது விடியற்காலை ஆகிவிட்டது. 4.07 மணிக்கு, 32 இன்னிங்ஸ் முடிந்து 2-2. ஏப்ரல் 18 சனிக்கிழமை இரவு தொடங்கிய ஆட்டம், ஈஸ்டர் ஞாயிறு விடியும்போது பாதியில் நின்றது.

கேள்வி: இரண்டு பக்கமும் பேட்டிங் அவ்வளவு மோசமா?

பதில்: காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து மைதானத்துக்குள் வீசிய குளிர்காற்று. வேலியைத் தாண்டிவிடும் என்று எல்லோரும் நினைத்த பந்தையும் திருப்பித் தள்ளியது. குளிர் தாங்காமல் உடைந்த பேட்களைப் பீப்பாயில் போட்டு எரித்து வீரர்கள் கை காய்ந்திருக்கிறார்கள். பந்து வீசியவர்களையும் குறைத்துச் சொல்லக் கூடாது. ராச்செஸ்டரின் ஜிம் அம்பர்கர் நடுராத்திரிக்கு மேல் வந்து பத்து இன்னிங்ஸ், ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் நான் பாவப்படுவது பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் ராச்செஸ்டர் கேட்சர் டேவ் ஹப்பர்ட்டை நினைத்துத்தான். 31 இன்னிங்ஸ் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்தார். முழங்கால் என்னவாகியிருக்கும்!

கேள்வி: பார்த்தவர்கள் எத்தனை பேர்?

பதில்: ஆரம்பத்தில் 1,740. கடைசி வரை இருந்தது 19 பேர். அவர்களுக்கு இலவச பாஸ் கொடுத்தார்கள்.

கேள்வி: வேட் பாக்ஸ், கால் ரிப்கன் இருவரும் இதில் ஆடினார்களாமே?

பதில்: ஆமாம், பெயர் வாங்குவதற்கு முன்பு, எதிரெதிர் அணியில். இருவரும் பின்னாளில் சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர்கள். இந்த ஆட்டத்தில் பாக்ஸ் 12 முறை பேட் பிடித்து 4 ஹிட் (பேஸை எட்ட வைக்கும் அடி), ரிப்கன் 13க்கு 2. ராச்செஸ்டர் 21ஆவது இன்னிங்ஸில் 2-1 என்று முந்தியது. அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விடுவதற்குள் பட்டக்கெட்டின் பாக்ஸ் ஒரு டபுள் (அடித்தவர் இரண்டாவது பேஸ் என்ற நிறுத்தம் வரை ஓடும் அடி) அடித்துச் சமன் செய்தார். தன் அணிக்காரர்களே கட்டிப்பிடிப்பார்களா, உதைப்பார்களா என்று அவருக்கே தெரியவில்லையாம்.

கேள்வி: வீட்டுக்காரம்மா நம்பவில்லை என்று ஒரு கதை உண்டே, நிஜமா?

பதில்: பட்டக்கெட்டின் பிட்சர் (பந்து வீசுபவர்) லூயிஸ் அபோன்டேயைக் கேட்கிறீர்கள். தன் வேலை முடிந்து அகாலத்தில் வீடு போய், மைதானத்தில்தான் இருந்தேன் என்றால் மனைவி நம்பவில்லை. நாளைக்குப் பேப்பரைப் பார் என்றாராம். ஆட்டம் நின்ற நேரம் வரை எந்தப் பேப்பர் காத்திருக்கும்? ஞாயிறு இதழில் அந்தச் செய்தி வரவில்லை.

கேள்வி: சரி, முடிந்தது எப்போது?

பதில்: ஜூன் 23. அப்போது பெரிய லீக் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலை) வேலைநிறுத்தத்தில் இருந்தது, எழுத வேறு ஆட்டம் இல்லை. அதனால் நிருபர்கள் குவிந்துவிட்டார்கள், கூட்டமும் 5,746. ஆனால் 18 நிமிடத்தில் கதை முடிந்தது. 33ஆவது இன்னிங்ஸில் மூன்று பேஸும் நிறைந்திருக்க, பட்டக்கெட்டின் டேவ் கோசா ஒரு சிங்கிள் (முதல் பேஸ் வரை ஓடும் அடி) அடித்தார், அவர் அணியின் மார்ட்டி பேரட் ஓடி வந்து ரன் எடுத்தார், 3-2. மொத்த ஆட்ட நேரம் 8 மணி 25 நிமிடம்.

கேள்வி: இனி இப்படி ஒரு ஆட்டம் வருமா?

பதில்: வராது. இப்போது பத்தாவது இன்னிங்ஸிலிருந்தே இரண்டாவது பேஸில் ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். பிட்சர்களுக்கு நல்லது, எனக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி: ஜெயிக்க வைத்த கோசா அப்புறம் என்ன ஆனார்?

பதில்: எல்லோரும் பாக்ஸ், ரிப்கன் என்றே கேட்கிறார்கள், இதைக் கேட்டதற்கு நன்றி. அந்த ஆட்டத்தில் 14க்கு 5 ஹிட் அவர். பெரிய லீக்கில் ஒரு நாள்கூட ஆடியதில்லை.