படகின் மலசலகூடத் தாங்கி நாறுகிறதா? முதலில் காற்றுக்குழாயைப் பாருங்கள்

கேள்வி: மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் வாவியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும், கூரை போட்ட பைபர் படகு ஒன்று வைத்திருக்கிறேன். பின்பக்கம் சின்ன மலசலகூடம், அதற்குக் கீழே 80 லீற்றர் பிளாஸ்டிக் தாங்கி. கொமட்டுக்கு வாவித் தண்ணீரைத்தான் கைப்பம்பால் இழுக்கிறோம். சித்திரை பிறந்தால் நாற்றம் தாங்க முடிவதில்லை. பினாயில், குளோரின் எல்லாம் ஊற்றிப் பார்த்துவிட்டேன். மாதம் ஒரு டப்பா பக்டீரியாப் பவுடர் போடச் சொல்கிறார் ஒருவர். தாங்கியையே மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம், தம்பி. காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கழிவைத் தின்னும் கிருமிகளில் இரண்டு வகை உண்டு. காற்று கிடைத்தால் வேலை செய்பவை ஒரு வகை. இவை விடும் வாயுவில் நாற்றம் இல்லை. காற்றே இல்லாத இடத்தில் பெருகுபவை மற்ற வகை. அழுகிய முட்டை மணக்கும் ஐதரசன் சல்பைட்டு இவற்றின் வேலைதான். உங்கள் தாங்கி மூச்சுவிட முடியாமல் கிடக்கிறது, அதனால் இரண்டாவது கூட்டம் அங்கே குடியிருக்கிறது. பினாயிலும் குளோரினும் நல்ல கிருமியையும் சேர்த்தே கொல்லும். இரண்டு நாள் பினாயில் மணக்கும், அப்புறம் பழைய கதைதான். அதிலும் குளோரின் ஊற்றிய கையோடு கொமட் கழுவும் அசிட்டை ஊற்றிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். அந்தச் சின்ன அறைக்குள் நிற்பவரின் நெஞ்சு தாங்காது.

தாங்கியில் இருந்து வெளியே போகும் காற்றுக்குழாயைத் தேடிப் பாருங்கள். அநேகமாக விரல் மொத்தத்தில் ஒரு குழாய் மூன்று நான்கு வளைவு வளைந்து போய் ஓரத்தில் முடியும். வாயில் உப்புப் படிந்திருக்கும், அல்லது குளவி மண்கூடு கட்டியிருக்கும். நடுவில் தொய்ந்த இடத்தில் தண்ணீர் நின்றிருந்தால் அதுவும் அடைப்புத்தான். கழற்றி எறிந்துவிட்டு ஒன்றரை அங்குலக் குழாய் போடுங்கள். கட்டையாக, நேராக, மேல்நோக்கிய சாய்வில் இருக்கட்டும். இடம் இருந்தால் படகின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. ஒரு பக்கத்தால் காற்று நுழைந்து மறுபக்கத்தால் போகும். படகு கழுவும்போதெல்லாம் அந்த வாய்க்குள் வெளியில் இருந்து கொஞ்சம் நல்ல தண்ணீர் பீச்சிவிடுங்கள். பவுடருக்குள் இருக்கும் கிருமிக்கும் காற்று வேண்டும். மூச்சடைத்த தாங்கிக்குள் போட்டால் அது கரைந்த காசு. இதைச் சொல்லாமல் விற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்தது ஹோஸ். தாங்கியை மாற்றச் சொன்னவர் ஹோஸைத் தொட்டுப் பார்த்தாரா? ஒருவர் என்னிடம் வருவதற்கு முன்பே ஒரு தரகரின் பேச்சைக் கேட்டுத் தாங்கியைப் புதிதாக மாற்றியிருந்தார். ஒரு மாதத்தில் நாற்றம் திரும்பிவிட்டது. பழைய ஹோஸ் அப்படியே கிடந்தது, கழிவு அதன் சுவரில் ஊறிப்போயிருந்தது. சோதிப்பது சுலபம். சுத்தமான துணியைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஹோஸின் வெளிப்பக்கத்தைச் சுற்றித் துடையுங்கள். துணி ஆறியதும் மணந்து பாருங்கள். நாறினால் ஹோஸ் போய்விட்டது. உங்கள் மூக்கு பழகியிருக்கும், வீட்டில் யாரிடமாவது கொடுத்து மணக்கச் சொல்லுங்கள். மாற்றும்போது தோட்டத்துக்குப் பாவிக்கும் நெளிவு ஹோஸைக் கழிவுநீர் ஹோஸ் என்று தலையில் கட்டிவிடுவார்கள். கழிவுக்கென்று செய்தது தடிப்பமாக, உட்பக்கம் வழுவழுப்பாக இருக்கும். உள்ளே விரலை விட்டுப் பாருங்கள், நெளிவு தட்டுப்பட்டால் வாங்காதீர்கள்.

சரி, உங்கள் விஷயத்தில் மட்டும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. காலையில் முதல் தடவை பம்ப் அடிக்கும்போது மட்டும் நாறி, நாலைந்து அடியில் மறைந்துவிடுகிறதா? அப்படியென்றால் தாங்கியில் குற்றமே இல்லை, வாவித் தண்ணீரில்தான் குற்றம். இரவு முழுக்க உள்ளே இழுக்கும் குழாயில் நிற்கும் தண்ணீரில் பாசியும் நுண்ணுயிரும் செத்து அழுகுகின்றன. கடல் நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேற் உண்டு. காற்றில்லாத இடத்தில் பெருகும் அந்த இரண்டாவது வகைக் கிருமிகள் அதை ஐதரசன் சல்பைட்டாக மாற்றிவிடும். மாரியில் ஆற்று வெள்ளம் இறங்கி வாவி நன்னீராகிவிடும். கோடையில் முகத்துவாரப் பக்கத்து உப்பு ஏறிவிடும். சித்திரையில் உங்களுக்குத் தொல்லை கூடுவதற்கு வெயிலோடு இதுவும் காரணமாக இருக்கலாம். இதற்குப் பலர் வாளியால் கொமட்டுக்குள் நல்ல தண்ணீர் ஊற்றுகிறார்கள். அதனால் பயன் இல்லை. ஊற்றிய தண்ணீர் வெளியே போகும் குழாயைத்தான் கழுவும், உள்ளே வரும் குழாயில் பழைய தண்ணீர் அப்படியே நிற்கும். கை கழுவும் பேசின் இருந்தால், அதன் கழிவுக் குழாயை உள்ளிழுக்கும் குழாயோடு ஒரு ‘டீ’ (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு இணையுங்கள். மாலையில் வாவி வால்வைப் பூட்டிவிட்டு, பேசினை நல்ல தண்ணீரால் நிரப்பி, அது தீரும்வரை கைப்பம்பை அடியுங்கள். அவ்வளவுதான், குழாய் முழுக்க நன்னீர். ஆனால் குடிதண்ணீர்க் குழாயை நேரடியாகக் கொமட்டோடு இணைக்க ஒருநாளும் விடாதீர்கள். கழிவு திரும்பிக் குடிதண்ணீரில் கலந்துவிடும்.

தாங்கியை இறைப்பது தனித் தலைவலி. நான் வேலை செய்யும் இறங்குதுறை ஒன்றில்கூடக் கழிவை உறிஞ்சும் வசதி கிடையாது. சுற்றுலாவை வளர்க்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறார்கள். கழிவை உறிஞ்சும் தாங்கி வண்டியான பவுசருக்கு எழுதிக் கொடுத்தால் இன்று வா, நாளை வா என்கிறார்கள், வந்த வாகனமும் ஒழுங்கைக்குள் திரும்பாது. இந்த இடைவெளியில்தான் தரகர் நுழைகிறார். முழுப் பவுசருக்குக் காசு வாங்கி மேல்தண்ணீரை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போவார், அடிச்சேறு கிடந்து நாறும். இறைத்து முடிந்ததும் பத்துப் பதினைந்து லீற்றர் தண்ணீர் விட்டு மறுபடி உறிஞ்சச் சொல்லுங்கள், தெளிவாக வரும்வரை காசை நீட்டாதீர்கள். காற்றுக்குழாய் அடைபட்டிருந்தால் பவுசரின் இழுவைக்குத் தாங்கியே உள்வாங்கி நசுங்கும், அதையும் முதலில் பாருங்கள். உள்ளே சேறு பார்க்க யாரும் தலையை விட வேண்டாம். அழுகிய முட்டை மணக்கும் அந்த வாயு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் விழுந்த பிறகுதான் தெரியவரும்.

இரவில் வாவிக்குள் திறந்துவிட்டால் போச்சு என்று சொல்பவர்களும் இருப்பார்கள். அந்தத் தண்ணீரில் இறால் பிடித்துத்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. செய்யாதீர்கள்.

காற்றுக்குழாயை மாற்றி, ஒருமுறை சுத்தமாக இறைத்து, இரண்டு வாரம் பினாயில் ஒரு சொட்டும் ஊற்றாமல் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் நாறினால் துணிச் சோதனையில் தோற்ற ஹோஸை மாற்றுங்கள். பவுடர்காரர் மறுபடி வந்தால் காற்றுக்குழாய் எத்தனை அங்குலம் என்று அவரிடம் கேளுங்கள்.