என்.எம்.எம்.எஸ். தேர்வு: பெற்றோரும் பிள்ளைகளும் கேட்ட கேள்விகள்

நான் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வுக்கு (என்.எம்.எம்.எஸ்.) வருடா வருடம் தயார் செய்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சார், நான் கட்டட வேலைக்குப் போகிறேன். மகள் அரசுப் பள்ளியில் எட்டாவது. அவள் எழுதலாமா? என்ன கிடைக்கும்?

தாராளமாக எழுதலாம் அம்மா. குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 50 போதும். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். நான்கு வருடத்தில் 48,000. மகள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வரும். விண்ணப்பம் தலைமை ஆசிரியர் வழியாகத்தான் போகும். நாளைக்கே போய்க் கேளுங்கள்.

பையன் வகுப்பில் முதல் மாணவன். ஆனால் மாதிரித் தேர்வில் மனத்திறன் தாளில் 90க்கு 28தான். படிக்காமல் ஏமாற்றுகிறானோ?

அவனைத் திட்டாதீர்கள் சார். இந்தத் தேர்வில் இரண்டு தாள்: மனத்திறன் ஒன்று, பாடங்களிலிருந்து கேட்கும் படிப்பறிவு ஒன்று. மனத்திறன் தாளில் வருவது எதுவும் பாடப் புத்தகத்தில் இல்லை. எண் தொடர், குறியீடு, உருவம், கடிகாரம் என்று 90 கேள்வி, 90 நிமிடம். முதல் தடவை நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட முழிக்கத்தான் செய்யும்.

ஒரு கேள்வி பாருங்கள். கண்ணாடியில் கடிகாரம் 3:40 காட்டுகிறது. உண்மையான நேரம் என்ன? வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து, சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே பிடித்து அவனையே பார்க்கச் சொல்லுங்கள். முள் இடம் வலமாகத் திரும்புவது அவன் கண்ணுக்கே தெரியும். அப்புறம் சுருக்குவழி சொல்லுங்கள்: 12 மணியை 11:60 என்று வைத்து, அதிலிருந்து 3:40ஐக் கழித்தால் 8:20. கண்ணால் பார்த்த பிறகு சொன்னால் மறக்காது. சூத்திரத்தை மட்டும் கொடுத்தால் தேர்வறையில் எதிலிருந்து எதைக் கழிப்பது என்று குழம்பிவிடும்.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்துகளின் வரிசை எண் தகராறு செய்யும். இ (E) 5, ஜே (J) 10, ஓ (O) 15, டி (T) 20, ஒய் (Y) 25. இந்த ஐந்தையும் மனப்பாடமாக்கிவிட்டால் மற்றவற்றை முன்னே பின்னே எண்ணிச் சொல்லிவிடலாம்.

தினம் பத்து கேள்வி போதும். தப்பானதைத் தனி நோட்டில் எழுதி, ஏன் தப்பானது என்று அவனே ஒரு வரி எழுதட்டும். இருபது மாதிரித் தாளை ஓட்டி முடிப்பதைவிட அந்த நோட்டைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஓ.எம்.ஆர். தாளில், அதாவது வட்டம் நிரப்பும் விடைத்தாளில், பழக்க வேண்டுமா?

கட்டாயம். எங்கள் பள்ளி மாதிரித் தேர்வில் ஒரு பெண் 34ஆம் கேள்வியை விட்டுவிட்டு, 35க்கான விடையை 34இன் வட்டத்தில் நிரப்பிவிட்டாள். அதற்குப் பிறகு எல்லாமே ஒரு வரி தள்ளிப் போயிற்று. விடைகள் தெரிந்தும் மதிப்பெண் போன அன்று அவள் அழுதது இன்னும் என் மனதில் இருக்கிறது. அன்றிலிருந்து பத்து கேள்விக்கு ஒருமுறை வினாத்தாள் எண்ணில் ஒரு விரல், விடைத்தாள் எண்ணில் ஒரு விரல் வைத்து சரிபார்க்கச் சொல்கிறேன். தப்புக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். அதனால் எந்த வட்டத்தையும் காலியாக விட வேண்டாம்.

படிப்பறிவுத் தாளுக்குத் தனி கைடு வாங்கலாமா?

வேண்டாம். ஏழு, எட்டாம் வகுப்புப் பாடநூல்களே போதும். அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20 கேள்விகள். பாடத்தின் நடுவே வரும் பெட்டிச் செய்திகளையும் படத்துக்குக் கீழே உள்ள வரிகளையும் விடாமல் படிக்கட்டும்.

தேர்வு என்றாலே தம்பிக்கு வயிற்றைக் கலக்குகிறது. அக்காவாக நான் என்ன செய்வது?

கடைசி வாரம் புதிதாக எதையும் சொல்லிக் கொடுக்காதே அம்மா. முந்தின நாள் இரவு ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் பையில் வைத்துவிட்டு சீக்கிரம் படுக்கட்டும். காலையில் அவனுக்குப் பழகிய இட்லியே கொடு. "இது கிடைத்தால்தான் மேல்படிப்பு" என்று வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள். அந்தச் சுமை பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு ஆகாது.

சார், போன வருடம் 80 எடுத்தேன். பாஸ் என்றார்கள், ஆனால் பட்டியலில் பெயர் இல்லை. ஏன்?

தம்பி, இரண்டு தாளும் சேர்த்து 180க்கு 40 சதவீதம், அதாவது 72 எடுத்தால் தகுதி. பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 32 சதவீதம். ஆனால் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 6,695 பேர்தான். அதற்குள் வருபவர்களுக்கே பணம். உன் படிப்பில் குறை ஒன்றும் இல்லை. இப்போது நீ ஒன்பதாவதுதானே? கிராமப்புறப் பள்ளி என்றால் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. மாவட்டத்துக்கு 50 மாணவிகள், 50 மாணவர்களை எடுப்பார்கள். தொகை சிறியதுதான், ஆனாலும் எழுது. போன வருடத் தப்பு நோட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறாயா? அதிலிருந்தே ஆரம்பி.